காணாமல் போன மேல்விலங்கு

மார்ச் 3

அன்புள்ள அம்மா,

போனில் சொன்னால், "தொண்டையைக் கெடுத்துக்காதே, எழுது" என்பாய். அதனால் எழுதுகிறேன். நீ 'உறுமல் பாட்டு' என்பாயே, அந்த எங்கள் டெத் மெட்டல் ஆல்பம் வெளிவந்துவிட்டது. கூடவே மானமும் போய்விட்டது.

அட்டையில் 'பிணவறை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பணவறை' என்று அச்சாகியிருக்கிறது! 'பி'யின் தலையிலிருந்த மேல்விலங்கைக் காணோம். யாரோ வங்கி ஆரம்பித்த மாதிரி இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் எங்கள் கிட்டார்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பதினொரு தட்டுக்கு ஒரு தாளம் போடுகிறவன், அதனால் அவனுக்கு 'கணக்கு' என்று பெயர். குழுவுக்குத் தலைவனும் அவன்தான்.

அட்டை என் பொறுப்பு. "எங்கம்மா மெய்ப்புப் பாத்தாச்சு, ஒரு புள்ளிகூட தப்பாது" என்று மார்தட்டியதும் நான்தான். இப்போது வேறு பாடகியைப் பார்க்கலாமா என்று பேச்சு அடிபடுகிறது.

முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிற நீ எப்படித் தவறவிட்டாய்? கோபமில்லை அம்மா, பயம்தான். தயவுசெய்து கண் டாக்டரிடம் போ.

உன் செல்ல ராட்சசி

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அச்சில் ஆயிரம் நடக்கும். மேலும் பணவறை என்பது நல்ல லட்சணமான பெயராகத்தானே இருக்கிறது?

அட்டைப் படத்தில் ஏன் முடி மூஞ்சியெல்லாம் கிடக்கிறது? ஒரு ஹேர்பின் கூடவா கிடைக்கவில்லை? வெந்நீர் குடி.

அம்மா

மார்ச் 16

அம்மா,

விமர்சனங்கள் வந்துவிட்டன. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "பிணவறை என்று வைத்திருந்தால் பத்தோடு பதினொன்றாகியிருக்கும், ஒரே ஓர் எழுத்தை மாற்றி இந்த யுகத்தின் பேராசையையே கிழித்துத் தொங்கவிட்டார்கள்" என்கிறார் ஒருவர். டிரம்ஸ்காரனுக்கு நிஜமாகவே இரண்டு கால்தானா என்று இன்னொருவர் கேட்கிறார். ஆனால் பதினொரு தட்டுத் தாளத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. கணக்கு கொதித்துப்போயிருக்கிறான். தலைப்பு வெறும் அச்சுப்பிழை, பாடகியின் கவனக்குறைவு என்று பேட்டியில் போட்டு உடைத்துவிட்டு, என்னையும் அனுப்பிவிடப் போகிறானாம்.

அது போகட்டும். நீ டாக்டரிடம் போக மாட்டாய் என்று தெரியும். அதனால் உன் முதலாளிக்கே எழுதிவிட்டேன்.

ராட்சசி

மார்ச் 21

அடியே,

முதலாளிக்கா எழுதினாய்! இன்று எல்லார் முன்னாலும், "ஏம்மா, கண்ணாடியை மாத்திப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். நான் திருத்திய பக்கத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். என் உடம்பெல்லாம் எரிந்தது.

கேட்டுக்கொள். அந்த மேல்விலங்கை நான் தவறவிடவில்லை. நான்தான் எடுத்தேன். நன்றாகத் தெரிந்தே, சிவப்புப் பேனாவால், நீக்கல் குறி போட்டு எடுத்தேன். பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேர் கீழே 'பிணம்' என்று இருந்தது. அதை அப்படியே விட எனக்குக் கை வரவில்லை. குருடி என்று பெயர் வாங்குவதற்குப் பதில் கொழுப்பெடுத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டுப் போகிறேன்.

இதையே கணக்குக்கும் எழுதிவிட்டேன். என் பெண் மேல் தப்பில்லை, அவளை விட்டுவிடப்பா என்று.

அம்மா

மார்ச் 27

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கணக்கு ஒத்திகையில் சத்தமாக வாசித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரம்ஸ்காரன் அழுதேவிட்டான். என்னை நீக்கவில்லை. இரண்டாம் பதிப்பில் 'பிணவறை' என்றே வரும். மெய்ப்பை உனக்கே அனுப்பவேண்டும் என்று அடம்பிடித்தான், அனுப்பியிருப்பான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியவர் எழுதியதைத் திருத்துகிறவர் தன் இஷ்டத்துக்குத் தொடக்கூடாது என்று நீதானே சொல்வாய்? ஊரார் புத்தகத்துக்கெல்லாம் உள்ள மரியாதை என் பாட்டுக்கு இல்லையா? ஒரு பாட்டாவது கேட்டாயா? கேட்காமலே திருத்திவிட்டாய். அதுதான் வலிக்கிறது.

மகள்

ஏப்ரல் 4

என் கண்ணே,

மெய்ப்பு வந்தது. பிணவறையைப் பிணவறையாகவே விட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேட்டேன். பாடல் வரிகள் கையில், பழக்கதோஷத்தில் பேனாவும் கையில். ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று யாரோ விமர்சகர் எழுதியிருக்கிறாராம். அவர் காது டாக்டரிடம் போகட்டும். எனக்கு எல்லாம் புரிந்தது. அழுகல், புழு, குழி என்று என்னென்னவோ கர்மத்தையெல்லாம் எழுதியிருக்கிறாய். ஆனால் அத்தனை உறுமலிலும் ஒரு 'ழ' கூடப் பிசகவில்லை. செய்தி வாசிக்கிறவர்களுக்கே வராத 'ழ'. அழுதுவிட்டேன்.

நாலாவது பாட்டில் சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன். மாடிவீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நீ ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

"ஒண்ணும் ஆகலைங்க, என் பொண்ணு பாடறா" என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் பாட்டிலிருந்து போட்டுக் காட்டினேன்.

அம்மா