உன் கதவிலிருந்து நான் கிழித்த தாள்

அன்புள்ள குமுதாக்கா,

போன இடத்திலாவது உட்கார்ந்திருக்கிறாயா, இல்லை அங்கேயும் வருகிறவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருக்கிறாயா?

ஸ்ரீராம்புரத்தில் உன் வீடு அப்படியேதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சந்தாபுராவிலிருந்து வந்து நான் பெருக்கிவிட்டுப் போகிறேன். கதவில் அந்தப் பசைத் தடம் கண்ணில் படும்போதெல்லாம் எனக்குக் கை ஓடுவதில்லை.

உன் சந்துக்குள் போன் சிக்னல் சரியாக நுழையாது. அதனால் வைஃபைக்கான க்யூஆர் கோடைப் பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டியிருந்தாய். மேலே உன் கையெழுத்தில், "வாங்க வாங்க! முதல்ல ஸ்கேன், அப்புறம்தான் காபி." புது வைஃபைப் பெட்டி மாட்டி, புதுத் தாள் ஒட்டி இரண்டே நாள். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாய். அவ்வளவுதான்.

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. நாகம்மா அத்தை கதவைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "இன்னாடி இது, சாவு வூட்ல வாங்க வாங்கன்னு எழுதி வெச்சிருக்கீங்க? கிழிச்சிப் போடு மொதல்ல!" நான் யோசிக்கவே இல்லை, அக்கா. கிழித்து, பறை காய்ச்ச மூட்டியிருந்த தீயில் போட்டேன். மேலே இருந்த எழுத்தை மட்டும் கிழித்திருக்கலாமே?

கொஞ்ச நேரத்தில் கத்தாரிலிருந்து உன் மகன் ரமேஷ் வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. "சித்தி, அம்மா மொகத்த ஒருவாட்டி காட்டு சித்தி." படம் நின்று நின்று போனது. அவன் பார்த்ததெல்லாம் ஷாமியானா துணிதான். "கதவுல கோடு இருக்குமே, அத ஸ்கேன் பண்ணு சித்தி!" என்று கத்தினான். யார் போனிலும் அந்தப் புதுக் கோடு ஏறியிருக்கவில்லை. உன் போனில் மட்டும்தான் இருந்தது, அதுவோ திறக்க நம்பர் கேட்டது. உன் பிறந்த நாள், அவன் பிறந்த நாள், நம் அம்மா செத்த வருஷம் வரை போட்டுப் பார்த்தோம்.

அதற்குள் உன்னைத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு முனைவரை ஓடினேன். அங்கே சிக்னல் நன்றாக வந்தது, அவன் அழுகிற முகம் தெளிவாகத் தெரிந்தது. தூக்கியவர்கள் மெயின் ரோட்டில் திரும்பிவிட்டிருந்தார்கள். பின்னால் போன ஆண்களிடம் போனைக் கொடுத்தனுப்ப எனக்கு ஏன் தோன்றவில்லை?

போன வாரம் நெட் கம்பெனிக்காரர் வந்தார். பெட்டியின் பின்னால் ஒரு ஊசியை வைத்து அழுத்தி, புதுப் பாஸ்வேர்டு போட்டார். "அஷ்டே அக்கா, ஆயித்து" என்றார் கன்னடத்தில். அவ்வளவுதானாம், முடிந்துவிட்டதாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பாவம், அவர் பயந்துபோனார்.

"அன்னிக்கு அந்தக் கோடு இன்னா ஆச்சு சித்தி?" என்று ரமேஷ் கேட்டான். "மழைல நனைஞ்சி கிழிஞ்சிடுச்சிப்பா" என்றேன். "பரவால்ல சித்தி" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் வருகிறான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், மழை இல்லைடா, நான்தான் என்று சொல்லிவிடுவேன். இனி நீ என் சித்தியே இல்லை என்று அவன் சொன்னாலும் சரி. ஆனால் அம்மா முகம் எப்படி இருந்தது என்று கேட்பானே, அன்றைக்கு யாரும் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை, எதைக் காட்டுவேன்? வாயால்தான் சொல்ல வேண்டும். நெற்றியில் பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்கிறேன், அக்கா. எத்தனை தடவை கேட்டாலும் சொல்கிறேன்.

அவனுக்கும் சேர்த்து உன்னைக் கடைசியாகப் பார்த்த உன் தங்கை,
சாந்தி