இரண்டாவது நாற்காலி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேரனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் இது என் கை எழுதியது.

மகள் பிரசவத்துக்கு நீ போனதிலிருந்து ஒரு வருடமாக உன் கடிதங்களைப் பக்கத்து வீட்டுத் தையல்காரன்தான் படித்துச் சொன்னான். என் மனைவி எனக்கு எழுதியதை அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பான். எனக்கு வயிறு எரியும். போன மாதம் ஒன்பது கடிதங்களையும் எடுத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவன் படிக்காமல் தாண்டிய வரிகள் இருந்தன. தையல்காரர் தோட்டத்தில் புல்லே இல்லை, சாயங்காலம் சம்சாரத்தோடு நாற்காலி போட்டு உட்காருகிறார், நீங்களோ புல்வெட்டும் மெஷினோடுதான் குடும்பம் நடத்துகிறீர்கள், நான் அங்கே வந்து யாரோடு பேச என்று கேட்டிருக்கிறாய்.

அவனோடு சண்டைக்கே போய்விட்டேன். "என்னைப் புகழ்ந்து எழுதினதை நானே எப்படிடா படிப்பேன்? என் கழுத்தைப் பிடிச்சிருப்பே" என்றான். பிடித்திருப்பேன்தான்.

மறுநாளே மண்வெட்டி எடுத்துப் புல்லை முழுக்கச் செதுக்கிவிட்டேன். நடைபாதைக்குக் கூழாங்கல், மற்ற இடமெல்லாம் தரையோடு படரும் பத்துமணிப் பூ. தண்ணீர் கொஞ்சம் போதும், வெட்டும் வேலை கிடையாது. தையல்காரன் தன் செடியிலிருந்து கிளை ஒடித்துத் தர வந்தான். வேண்டாம் என்று கடையில் வாங்கினேன். அவனுடையது சிவப்பு மட்டும், நம்முடையது மூன்று நிறம். நேற்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னுதைவிட நல்லாத்தான் இருக்கு" என்றான். இரவு ஒரு பிடி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மெஷினை விற்றாயிற்று. கொய்யா மரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். இன்று காலை அவன் வந்து இரண்டாவதில் உட்காரப் பார்த்தான். எழுப்பிவிட்டேன்.

பேரன் நடக்கிறானாமே. இனி மகள் சமாளித்துக்கொள்வாள். அவனுக்கு என் ஆசீர்வாதம்.

அடுத்த வாரமும் எழுதுவேன். அது வருவதற்குள் நீ புறப்பட்டுவிட்டால் கடிதம் இங்கேயே திரும்பி வரட்டும். உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து நானே படித்துக் காட்டுகிறேன், ஒரு வரி விடாமல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்