ஏணியில் வைத்த காலை எடுத்தவருக்கு

இஞ்சாருங்கோ, என் ராசா,

உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிட மாட்டேன். ஒவ்வொரு திவசத்துக்கும் பேப்பரில் போடும் கடிதம்தான், ஆனால் இந்த முறை கோபமாகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுதும் கேளுங்கள்.

நம் பேத்தி சுகந்திக்குப் பதினேழு வயதாகிவிட்டது. மகள் உணவக வேலைக்குப் போனால் இங்கே பிரான்சில், லா சப்பல் வீட்டில் நானும் அவளும்தான். பிரெஞ்சுப் பிள்ளைகளையெல்லாம் தாண்டி ஆங்கிலத்தில் முதலாவதாக வருகிறாள். நான் ஊரெல்லாம் சொல்லாமல் விடுவேனா? மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டதுமே, "ஓம் அம்மா, ஓம், முதலாம் பிள்ளை, தெரியும்," என்கிறார்.

போன மாதம் அவளுடைய ஆங்கில ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஆங்கிலோ-சாக்சன் என்ற பழைய ஆட்களின் வீரப் பாட்டுகளைப் பற்றி வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். நான் கறிக்கு லீக்ஸ் வெட்ட, அவள் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். தலைவனின் பெரிய மண்டபத்தில் கூடிக் குடிப்பார்களாம். ஒருவன் எழும்பி, வெல்லுவேன், இல்லாவிட்டால் அங்கேயே சாவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லுவானாம். சொன்னால் சொன்னதுதான். கைப்பலமும் நெஞ்சுத் துணிவும்தான் அவனுக்கு மரியாதை. செத்தாலும் பெயர் நிற்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒற்றைக் கையால் அரிசி மூட்டை தூக்குகிற உங்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடைசிப் பகுதிக்கு வந்தாள். தலைவன் விழுந்தால், அவன் சோற்றைத் தின்றவர்கள் களத்தை விட்டு அசையக் கூடாதாம். ஓடியவன் சாகும்வரை அந்த வெட்கத்தைச் சுமக்க வேண்டுமாம். அத்தோடு பேச்சை நிறுத்தினாள்.

"அம்மம்மா, அப்ப நாங்கள் ஓடின ஆக்கள்தானே?"

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?"

"அம்மப்பா வாசலிலை நிண்டு மறிச்சவர். நாங்கள் பின்னாலை ஓடினாங்கள். நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அடுத்த நாளே ஆசிரியையிடம், நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். புத்தகத்தைத் தொடுவதில்லை. என் முகத்தையும் பார்ப்பதில்லை.

நான் யாரில் கோபப்பட? பிள்ளையிலா? பாட்டுக் கட்டிய வெள்ளைக்காரனிலா? உங்களில்தான். பிறகு என்னில்.

அந்தக் கதையைக் கட்டியது நான்தானே. எண்பத்துமூன்று கலவரத்தில், கொழும்பில் காடையர் நம் கடையை எரிக்க வந்த நாளில், எங்களைக் காக்க வாசலில் நின்று உயிர் விட்டீர்கள் என்று ஐந்து வருசமாகச் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு திவசத்திலும் அதைச் சொல்லாமல் வந்தவர்களுக்கு இலை போட்டதில்லை. நடந்தது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். பின்மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள அம்மா ஏணி தந்தார். மகள் ஏறினாள். காய்ச்சலோடு கிடந்த சுகந்தியை நீங்கள் தூக்கிக் கொடுத்தீர்கள்; மகள் அவளோடு அந்த வீட்டுக்குள் போய்விட்டாள். நான் ஏறினேன். முன்கதவு அப்போதும் உடையவில்லை. நீங்களும் ஏணியில் ஒரு காலை வைத்தீர்கள். பிறகு எடுத்தீர்கள்.

"என்னப்பா, ஏறுங்கோவன்!"

"தம்பியின்ரை கலியாணப் பந்தியிலை அத்தனை பேருக்கு முன்னாலை சொன்னனான், செத்தாலும் கடையை விட்டிட்டு ஓடமாட்டன் எண்டு. சனம் என்ன சொல்லும்?"

அதுதான் உங்கள் கடைசிப் பேச்சு. பந்தியில் நாலு பேர் கைதட்டியதற்காகவா? அந்தச் சனம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில், கனடாவில், இங்கே பொபினியில், பேரப்பிள்ளைகளோடு. அவர்களில் யார் உங்களைக் கேட்டிருப்பார்கள், ஏன் ஓடினாய் என்று? எல்லாரும் ஓடி வந்தவர்கள்தானே.

போன ஞாயிறு சுகந்தியை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அம்மப்பா பயப்பிடேல்லையோ?"

"பயந்தவர்தான், பிள்ளை. எரிக்க வந்தவங்களுக்குப் பயம். அதைவிடச் சனத்துக்குப் பயம்."

"அந்தப் பாட்டுகளிலை வாறவையும் அப்பிடித்தானோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் அஞ்சாம் வகுப்பு. உன்ரை இங்கிலிஸ் மதாமைக் கேள்."

கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வியையே வைத்துப் பேசு என்றாராம் ஆசிரியை. வருகிற வியாழன் பேசப் போகிறாள். ஆனாலும் நேற்று, தாளும் பேனையுமாக என் முன்னால் வந்து நின்றாள். "எங்களைப் பற்றி என்னண்டு எழுத, அம்மம்மா?" குரல் இன்னும் தெளியவில்லை.

அவளுக்குச் சொன்னதையே இந்தப் பேப்பரில் எல்லாரும் படிக்க எழுதுகிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். இனி எந்தத் திவசத்திலும், யார் வீட்டிலும், அந்தப் பழைய கதையைச் சொல்ல மாட்டேன். இது சத்தியம். கேட்கிறவர்களுக்கு இவ்வளவும்தான் சொல்வேன்: நாங்கள் அவரை விட்டுவிட்டு ஓடவில்லை. அவர்தான் எங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனுசி,
சுகந்தியின் அம்மம்மா