தோற்றவர்தான் வர வேண்டும்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

ஆங்கிலத்தில் தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற சொல், 'சின்ன எலி' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எலி ஓடுகிறதா என்று காலை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். எலியைக் காணோம். முழங்கால் வலிதான் இருக்கிறது.

இனி என் முறை. 'நைஸ்' என்றால் ஒரு காலத்தில் விவரம் கெட்ட முட்டாள் என்று பொருளாம். ஓய்வு பெறும் நாள்வரை எத்தனை பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் 'வெரி நைஸ்' என்று எழுதியிருப்பேன்!

விதி நினைவிருக்கட்டும். பதிலுக்கு ஒரு விசித்திரச் சொல் அனுப்ப முடியாதவர் தோற்றவர். தோற்றவர்தான் மற்றவர் வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவின் தையல் மெஷினுக்காகச் சண்டை போட்டு, "உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று இருவரும் சொன்ன பிறகு நீ போட்ட விதிதானே!

உன் அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

இன்று அசடு என்று பொருள்படும் 'சில்லி'க்கு முன்பு பாக்கியசாலி என்று பொருள். சின்ன வயதில் நீ என்னை அப்படித் திட்டியதெல்லாம் ஆசீர்வாதம் என்று வரவு வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "டிக்ஷனரிய தின்னு தீர்த்தப்புறம்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பீங்களா?" என்கிறார். "அவதான் வரணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதென்ன, வலியை ஒரு வரியில் சொல்லி நழுவிவிட்டாய்? டாக்டர் என்ன சொன்னார்?

தங்கை

ஜூன் 19

அன்புத் தங்கைக்கு,

துப்பு என்கிறோமே, 'க்ளூ', அது முதலில் வெறும் நூல்கண்டு. சுற்றுவழிக்குள் நூலை விட்டுக்கொண்டே போனால் அதைப் பிடித்துத் திரும்பி வரலாம் அல்லவா, அப்படி வந்த பொருள்.

முழங்காலில் அறுவை சிகிச்சையாம், அடுத்த மாதம். பிறகு கொஞ்ச காலம் நடமாட்டம் இராது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். நீ கவலைப்படாமல் சொல்லை அனுப்பு.

உன் அக்கா

ஜூன் 27

அக்கா,

எனக்குச் சொல் எதுவும் கிடைக்கவில்லை. தோற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

தங்கை

ஜூன் 29, வெள்ளி

என் அன்புத் தங்கைக்கு,

என் வீட்டு முகவரிக்கு நானே கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கால் மடங்கும்போதே உன்னைப் பார்த்துவிடலாம் என்று, உன் பதிலுக்குக் காத்திராமல் நேற்று ரயிலேறிவிட்டேன். 'கேர்ள்' என்ற சொல் முன்பு ஆண் பிள்ளைக்கும் பொருந்தியது என்று எதிர் இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, அவ காலைலதானே உங்க வீட்டுக்குக் கெளம்பினா! சொல்லே கிடைக்கலையாம். நேத்து சாப்பிடும்போது எனக்கே நாலு சொன்னா!"

பொய்க்காரி.

இதை இன்றே கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டில் விட்டு வந்த சாவி இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். நீ திரும்பி வந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் நானும் வருகிறோம். என் வீட்டுக் கதவை நான் தட்டி, உள்ளேயிருந்து ஒருவர் திறந்து பல வருஷமாயிற்று. கொஞ்சம் மெதுவாகத்தான் படியேறுவேன். தட்டுவதற்கு முன்பே திறந்துவிடாதே.

உன் அக்கா