தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?

அன்று நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: அதுவரைக்கும் இந்த ஆற்றை நான் கண்ணால் கண்டதே இல்லை.

இன்று காலை பாலத்தின் நடுவில் நின்றபோது கீழேயிருந்து சேற்று மணம் வந்தது. கடல் வற்றும் நேரத்தில் இங்கேயும் கரையோரம் கறுத்த சேறு தெரியும். நம் ஊர்க் களியோடை ஆற்று முகத்துவாரத்தின் அதே மணம். கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இனியாவது உன்னிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நான் இந்த நியூகாசில் நகரத்துக்குப் படிக்க வந்த கிழமையே நீ ஓர் ஏற்பாடு செய்தாய். உன் நெஞ்சில் வால்வு பழுது. சத்திரசிகிச்சைக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வரும்வரை அதிகம் நடக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊரில், பாலமுனையில் உன் வீட்டுக்குள் இருந்துகொண்டு, "நீ நட புள்ள, நான் காதால வாறன்," என்றாய். ஒவ்வொரு நாளும் நான் நடந்த இடத்தைக் குரலில் பதிந்து போனில் அனுப்ப வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

நான் நடக்கவில்லை. அறை, பஸ், வகுப்பு, மறுபடி அறை. முதல் கிழமை ஒரு கடையில் காசு வாங்குகிற பெண் கேட்டது மூன்று தரமும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். அதோடு எனக்கு வெளியே போகும் தைரியம் போய்விட்டது. நவம்பர் வந்ததும் நாலு மணிக்கே இருட்டியது. கதவைப் பூட்டிக்கொண்டு புத்தகத்துக்குள் இருப்பது சுலபமாக இருந்தது. ஆனால் நீ காத்துக்கொண்டிருப்பாயே. போனில் வரைபடத்தைத் திறந்து, யார் யாரோ எடுத்த படங்களைப் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே நடந்தேன். செங்குத்தான படிகளில் இறங்கினேன். பாலங்களை எண்ணினேன். புறாக்களுக்குப் பாண் பிய்த்துப் போடும் ஒரு கிழவரையும் உண்டாக்கினேன். அவரை உனக்கு நன்றாகப் பிடித்துப்போனது. "கிழவருக்கு இருமல் எப்படி இரிக்கி?" என்று விசாரிப்பாய். நானும் கூசாமல் பதில் சொல்வேன்.

ஒருநாள் கேட்டாய்: "அந்த ஊருல மழையே பெய்யாதா கா?"

"பெய்யும். ஏன்?"

"இல்ல, நீ நடக்கக்குள்ள மட்டும் பெய்யிறல்ல போல."

நான் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். "ஆத்துத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"கடலுக்குத்தான். வேற எங்க ஓடும்?"

மறுநாளும் கேட்டாய். அதற்கு மறுநாளும். சிலநாள் காலையில், சிலநாள் பகலில். நானும் ஒவ்வொரு முறையும் கடலுக்கு என்றே சொன்னேன். வீட்டுக்குள் அடைந்துகிடப்பவளின் பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

"உனக்கென்ன விசரா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம், விசர்தான். பாத்துச் சொல்லு."

டிசம்பரில் ஒருநாள் வீதியில் ஏதோ வேலை நடந்ததால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நடந்தேன். வழி தவறி, ஒரு நீளமான படிக்கட்டில் இறங்கி, ஆற்றங்கரையில் போய் நின்றேன். தண்ணீரில் ஒரு செம்மஞ்சள் பந்து மிதந்து போனது. நகரத்தை நோக்கி, உள்ளே. கடல் இருக்கும் பக்கத்தை நான்தான் மாறி நினைக்கிறேனோ என்று வரைபடத்தைப் பார்த்தேன். இல்லை. ஆறு கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் என் செருப்பு நினைவுக்கு வந்தது.

உயர்தர வகுப்பில் ஒன்றாகப் படிக்கும்போது நீ என்னைக் களியோடை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனாய். வயல்களில் நின்ற வெள்ளத்தைக் கடலுக்கு விட, உன் வாப்பாவும் மற்றவர்களும் மணல்மேட்டை வெட்டி ஆற்றுக்கு வாய் திறந்து இரண்டு கிழமை இருக்கும். பெருநாளைக்கு வாங்கிய என் செருப்பு வழுக்கித் தண்ணீரில் விழுந்து கடலுக்குப் போனது. நான் அழுதேன். நீ என்னை மணலில் இருத்தி வறுத்த கச்சான் கொட்டை தந்தாய். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கடல் ஏறி ஆற்றுக்குள் வந்தது. செருப்பும் வந்தது. "கடலுக்குப் புடிக்கல்ல. திருப்பி அனுப்பிட்டு," என்றாய்.

உன் பக்கத்தில் இருந்து என் கண்ணாலேயே பார்த்தது அது. அதை மறந்துவிட்டு, உன்னிடமே, வேறெங்கே ஓடும் என்று கேட்டிருக்கிறேன். கடலோரத்து ஆறு காலையும் பகலும் ஒரே பக்கம் ஓடாது என்று உனக்குத் தெரியும். நான் ஆற்றுப் பக்கமே போகவில்லை என்பதும் முதல் நாளே தெரிந்திருக்கும். முகத்துக்கு நேரே பிடிக்காமல், தினமும் அதே கேள்வியைக் கேட்டு என்னை ஆற்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அங்கிருந்தே உனக்குப் போன் எடுத்தேன்.

"எங்க நிக்கிறாய்?"

"பாலத்துக்குக் கீழ."

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

"உள்ளுக்கு வருது."

"செருப்பு வருதா பாரு," என்றாய்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ விடவில்லை. "கதைக்காத. நட. நான் வாறன்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நாம் மெய்யாகவே நடந்தோம். பெரும்பாலும் மழைதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கடற்பறவை என் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைப் பறித்துக்கொண்டு போனதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் உன் உம்மா போனை வாங்கி, "அவள சிரிக்க வெக்காத மகள், மூச்சு வாங்குது," என்று ஏசினா. கடைசி நாள் கேட்டாய்: "கிழவர் எங்க?"

"ஊருக்குப் போயிட்டார்."

"நல்லம். நல்ல மனிசன். ஆனா கொஞ்சம் பொய்."

இப்போதும் எந்தப் பாலத்தில் கால் வைத்தாலும் முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன். போன மாதம் புதிதாக வந்த ஒரு பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். கதவைத் தட்டி, ஆற்றுக்குக் கூட்டிப்போனேன்.

பத்தாம் நாள் உனக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன்னர் நீ மவுத்தானாய். அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு பாலமுனையில் உன்னை அடக்கினார்கள். நான் இங்கே இருந்தேன்.