இரண்டு பட்டூரா

ஜனக்புரி, பிப்ரவரி 1981

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

நேற்று வீட்டுக்கார சர்தார்ஜியோடு உட்கார்ந்து காரமான கொண்டைக்கடலைச் சோலேயும், எண்ணெயில் பொரித்த பெரிய பூரி மாதிரி இரண்டு பட்டூராவும் சாப்பிட்டேன். வலி இல்லை, வாந்தி இல்லை. காலேஜ் நாளிலிருந்து மோர்சாதத்தில் காலம் தள்ளிய அதே வயிறு!

இங்கே ஒரு தமிழ் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வயித்துல ஒண்ணுமே இல்ல. நரம்புதான் பயந்து கெடக்கு. பயந்த உடம்புக்கு எப்படிப்பா செரிக்கும்?" எனக்குச் சட்டென்று புரிந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் தப்பான நேரத்தில் ஆஃப் ஆகிறது. நாம் இத்தனை வருஷமும் மோட்டாரையே கழற்றிக்கொண்டிருந்தோம்.

"சின்ன வயசுல சாப்பிடும்போது யாராவது திட்டுவாங்களா?" என்றும் கேட்டார். நான் எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டேன்.

தினமும் நாலு பேரோடு நிதானமாகச் சாப்பிடச் சொன்னார். சர்தார்ஜி வீட்டில் சாப்பிடும்போது ஒரே சிரிப்பு. யாரும் மார்க் விசாரிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது.

அடுத்த வாரம் வருகிறீர்கள். தட்டு முன்னால் பிரமோஷன், கல்யாணம் எதையும் கேட்கக்கூடாது. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் கேளுங்கள், சொல்கிறேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உங்களுக்குப் பிடித்த மோர்மிளகாய் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை எனக்கும் சேர்த்து.

உங்கள் மகன்