மெயின் சுவிட்சை அணைத்தவர் குறித்து

அனுப்புநர்
முதுநிலை எழுத்தர்,
கிளை நூலகம்.

பெறுநர்
மண்டல நூலக அலுவலர் அவர்கள்,
தலைமை நூலகம்.

பொருள்: கிளை நூலகக் கணினியில் இயங்குதளம் புதுப்பிக்கும் பணி பாழானது – ஒப்பந்தக் கணினிப் பராமரிப்பாளர் மீது தவறாகச் சுமத்தப்பட்ட குற்றத்தை நீக்கக் கோருதல் – உண்மையில் தவறு செய்த பணியாளர் மீது புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: பராமரிப்பாளரைப் பணியிலிருந்து நிறுத்தித் தாங்கள் பிறப்பித்த, இம்மாதம் 5ஆம் தேதியிட்ட ஆணை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மனுவில் நான் புகார் கூறும் பணியாளர் நான்தான். பொருள் வரியிலேயே எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்பதால் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் நூலகம் மாலை ஐந்தரைக்கு மூடப்படும். கடைசியாகக் கிளம்புபவர் விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்து, கதவுக்குப் பின்னால் உள்ள மெயின் சுவிட்சையும் அணைத்து, நேரத்தை மின்விசைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதினேழு ஆண்டுகளாக அந்த வேலை என்னுடையது. பதிவேட்டில் ஒரு நாள்கூடக் கட்டம் காலியாக இருந்ததில்லை. சக பணியாளர்கள் என்னை 'மெயின் சார்' என்று கேலி செய்வார்கள். கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான்.

3. கடந்த மாதம் 27ஆம் தேதி மதியம் பராமரிப்பாளர் வந்து, பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்று கூறி, புதியதை ஏற்றத் தொடங்கினார். எங்கள் கணினி கிழட்டுக் கணினி. ஐந்து மணிக்கு அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கியது. தம் தாயாரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்ததால் அவர் என்னைத் தேடியிருக்கிறார். நான் பின்னறையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். எனவே திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அணைக்க வேண்டாம் என்று அந்தச் சீட்டில் இருந்தது. திரையிலும் அதுவே இருந்தது.

4. விசாரணையில் யாராவது கேட்டால், அன்று கண்ணாடி அணியவில்லை என்று சொல்ல இரண்டு வாரமாகத் தயாராக இருந்தேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது, அம்மையீர். படித்தேன். மெயினை விட்டுவைத்தால் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று முதலில் தோன்றியது. பதினேழு வருடம் இந்தக் கதவைப் பூட்டுகிறவனுக்குத் துண்டுச் சீட்டில் உத்தரவா என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. மின்விசிறி மாதிரி, காலையில் போட்டால் விட்ட இடத்திலிருந்து சுற்றும் என்று நினைத்தேன். 5.41க்கு அணைத்துக் கையொப்பமிட்டேன்.

5. மறுநாள் காலை கணினி எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து வரும், போகும், மறுபடி வரும். மற்றவர்கள் வருமுன் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுத ஆசை. யோசித்துத்தான் செய்தேன்.

6. பராமரிப்பாளர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், நேத்து சாயங்காலம் கரண்ட் எதுவும் போச்சா?" என்பது. "தெரியலையேம்மா" என்றேன். அதன்பின் மூன்று நாள் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பென் டிரைவ் செருகித் தொடங்கிப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். பழைய இயங்குதளத்துக்கே திரும்ப முயன்றார். அது பாதி அழிந்திருந்தது. இரண்டு முறை நானே டீ வாங்கிக் கொடுத்தேன். என் சட்டைப் பையில் இருந்த காரணத்தை அவர் கணினிக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

7. மூன்றாம் நாள் ஹார்ட் டிஸ்கை வேறு கணினியில் இணைத்து, பதினோராயிரம் உறுப்பினர்களின் விவரங்களையும் மீட்டார். ஒருவர் பெயர்கூடத் தொலையவில்லை. இருந்தும், யாரிடமும் சொல்லாமல் பாதியில் விட்டுச் சென்றதாக அவர்மீது குற்றம் எழுதப்பட்டது. சீட்டு ஒட்டியதாக அவர் கூறியபோது, பார்த்தீர்களா என்று நூலகர் என்னைக் கேட்டார். "இல்லை" என்றேன். பராமரிப்பாளர் என்னோடு வாதாடவில்லை. "பரவால்ல சார், ஃபேன் காத்துல எங்கயாவது விழுந்திருக்கும்" என்று எனக்காக அவரே ஒரு சமாதானமும் சொன்னார். அன்றிலிருந்து என்னால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

8. சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டையும் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன், கிழித்துப்போடவும் துணிவில்லை. ஞாயிறன்று துவைக்க எடுத்த சட்டையில் என் மனைவி அதைக் கண்டெடுத்துப் படித்தார். "அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?" என்று கேட்டார். அதன்பின் வீட்டில் சாவி, பால் இவை பற்றி மட்டுமே பேச்சு.

9. எனவே பணிந்து வேண்டுவது: மேற்படி ஆணையை ரத்து செய்ய வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் பட்டியல் 20ஆம் தேதி தங்கள் கையொப்பத்துக்கு வருகிறது. அதில் பெயர் இல்லையென்றால் ஓராண்டுக்கு எந்தக் கிளையிலும் அவருக்கு வேலை இல்லை. ஆணை வாசிக்கப்பட்ட அதே வாசிப்பறையில், அனைவர் முன்னிலையிலும் அவர்மீது தவறில்லை என்று அறிவிக்க வேண்டும். நானும் வந்து நிற்பேன். இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன் என்று பார்க்காமல் என்மீது விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். பிரிவுபசார விழாவில் மின்சிக்கனத்துக்காக எனக்குச் சான்றிதழ் தர ஏற்பாடு நடப்பதாக அறிகிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

20ஆம் தேதிக்குள் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், அம்மையீர். என்னை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாருடைய தூண்டுதலும் இன்றி, தாமதமாக எழுதும்,

(ஒப்பம்)
முதுநிலை எழுத்தர்

நாள்: 14ஆம் தேதி, காலை
இடம்: கிளை நூலகம்

இணைப்பு:
1. மின்விசைப் பதிவேட்டின் 27ஆம் தேதிப் பக்கம். நேரம் 5.41. கையொப்பம் மேலே உள்ளதுதான்; ஒப்பிட்டுக்கொள்ளலாம்.
2. பராமரிப்பாளரின் சீட்டு, அசல். மடிப்பில் எழுத்து தேய்ந்துள்ளதால் வாசகத்தை இங்கே எடுத்தெழுதுகிறேன்: "சார், உங்களைத் தேடினேன், காணோம். இது காலைல வரைக்கும் ஓடும். மெயினை மட்டும் அணைச்சுடாதீங்க. நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்."